செத்துப்போன தாலுகாவுக்கு ஓர் இரங்கல் கூட்டம்

பொதுமக்கள் கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை என்று புலம்பிக்கொண்டு, பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு இளம் விரிவுரையாளர்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அவர்களுடைய துறைக்குப் பொதுச் சொற்பொழிவுப் பிரிவு என்று பெயர். இப்போது ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயராக மாற்றிவிட்டார்களாம். குளிர்சாதன மண்டபம் இருக்கிறது, வண்ணப் பதாகை இருக்கிறது, சமோசாகூட இருக்கிறது. ஆள்தான் இல்லை.

“உங்க காலத்துல எப்படி சார் கூட்டம் சேர்த்தீங்க?” என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி.

“பொய் சொல்லித்தான்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் பெயர் தணிகாசலம். சொந்த ஊர் நகரி. நைனாவுக்கு இரண்டு தறி இருந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்ததால் எனக்குத் தொண்டை பெரிது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சித்தூரில் படித்தபோது கொஞ்சம் இங்கிலீஷ். ஆந்திரம் தனி மாநிலமாகி, திருப்பதியில் பல்கலைக்கழகம் வந்த புதிதில் டைப்பிஸ்ட் வேலைக்கு மனுப் போட்டேன். நேர்காணலில் என்னை டைப் அடிக்கவே சொல்லவில்லை. “இந்தச் சன்னல் வழியாக அந்த ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிடுங்கள்” என்றார் ஒருவர். கூப்பிட்டேன். இரண்டு ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன. வேலை கிடைத்துவிட்டது.

அப்படிக் கேட்டவர்தான் சுப்பையா சார். குண்டூர்ப் பக்கத்துக்காரர், சரித்திரப் பேராசிரியர். பெருத்த உடம்பு, மெல்லிய குரல். சிரித்தால் சத்தம் வராது, வயிறு மட்டும் குலுங்கும். சொற்பொழிவுப் பிரிவை வேறு யாரும் ஏற்காததால் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அவரோ அதைப் புதுமாப்பிள்ளை மாதிரி ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிற அறிவு வெளியே போக வேண்டும், வெளியே இருக்கிற கேள்வி உள்ளே வர வேண்டும் என்பார். தமிழ் அவருக்கு நாலு வார்த்தைகூடத் தெரியாது. அந்தக் குறைக்குத்தான் நான்.

அவருடைய வேலைமுறையைச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாளே ஊருக்குப் போய்விடுவோம். மேடையில் போடப் போகிற நாற்காலி ஒவ்வொன்றிலும் அவரே உட்கார்ந்து, அசைந்து பார்ப்பார். எது அதிகமாகக் கிறீச்சிடுகிறதோ அது சிறப்புப் பேச்சாளருக்கு. உட்கார முடியாமல் சீக்கிரம் எழுந்து பேசி முடித்துவிடுவாராம். பேச்சாளர் முன்னால் வைக்கும் தண்ணீர் பாதி டம்ளர்தான். முழு டம்ளர் வைத்தால் முழுப் புத்தகத்தையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள் என்பது அவர் அனுபவம்.

மைக்கைச் சோதிக்க நான் ஹலோ ஹலோ சொல்லக்கூடாது. “கொம்பு உடைந்த சிவப்பு ஆடு ஒன்று மேடைக்குப் பின்னால் கட்டப்பட்டிருக்கிறது, உரியவர்கள் வந்து அடையாளம் சொல்லி ஓட்டிச் செல்லவும்” என்று சொல்ல வேண்டும். ஆடு தொலைத்தவர்கள் வருவார்கள். ஆடே இல்லாதவர்கள், யார் ஆடு என்று பார்க்க வருவார்கள். வந்தவர்களை உட்கார வைத்துக் காலரா பற்றியோ காந்தம் பற்றியோ பேசி அனுப்புவோம். “ஆடு எங்கே?” என்று யாராவது கேட்டால், “இப்பத்தான் ஓட்டிக்கிட்டுப் போனாங்க” என்பேன். நல்ல ஆடு அது. எங்களுக்காக ஒவ்வோர் ஊரிலும் தொலைந்து கொடுத்தது.

சித்தூரில் ஒருமுறை கிரகணத்தைப் பற்றிப் பேச்சு. பௌதிக விரிவுரையாளர் மேஜிக் லாந்தரில் படம் காட்டப் போகிறார். ஜட்கா வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மார்க்கெட் தெருவெங்கும் அறிவித்தேன். மேஜிக் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. மாலையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து விரிவுரையாளருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒரு வளையல் கடைக்காரர், “பொம்ம எப்ப ஆடும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விளக்கை அணைத்ததும் திரையில் சந்திரன் வந்தது. விரிவுரையாளரின் கை நடுக்கத்தில் சந்திரன் தையத்தக்கா என்று ஆடியது. கூட்டம் விசிலடித்தது. இருட்டில் எனக்குப் பக்கத்தில் சுப்பையா சாரின் வயிறு குலுங்குவது நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்தது. அன்றைக்குக் கிரகணம் எப்படி வருகிறது என்பதைச் சித்தூரில் அறியாதவர் இல்லை.

திருப்பதியில் ஒரு வக்கீல் இருந்தார். எந்தக் கூட்டமானாலும் பேச்சாளர் வாயைத் திறந்ததும் எழுந்து, “சட்டப்படி இது செல்லுமா?” என்பார். அம்மைப்பால் குத்துவது பற்றிய கூட்டத்துக்கு அவரையே தலைவராகப் போட்டார் சார். தலைவர் கடைசியில்தான் பேசலாம் என்பது விதி. மனிதர் தலைப்பாகையோடு உட்கார்ந்து, வாயை மூடி, முகம் சிவந்து, வேறொருவர் எழுந்து குறுக்கே கேட்டபோது, “உட்காருமய்யா, ஒழுங்கு வேண்டும்” என்று அதட்டினார். அன்றிலிருந்து எங்கே தகராறு வரும் என்று தெரிந்தாலும் அந்த ஆளைத்தான் தலைவராகத் தேடிப் போவோம்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு செல்லாத ஊர் ஒன்று வந்தது.

ஆந்திராவுக்கும் மெட்ராஸ் மாநிலத்துக்கும் எல்லை முடிவான சமயம். திருத்தணிப் பக்கம் மெட்ராசுக்குப் போயிற்று, சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, வீட்டை விட்டு நகராமலே வெளிமாநிலத்துக்காரி ஆகிவிட்டாள். புதிதாகச் சேர்ந்த ஊர்களில் குடிமக்கள் கூட்டங்கள் நடத்தும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது. நாகலாபுரத்திலிருந்து சத்தியவேடு போகிற வழியில், உள்ளே தள்ளி ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஊரில் எந்த அதிகாரியாலும் பேச முடியவில்லை. பேச ஆரம்பித்ததும் எங்கிருந்தோ சாவு மேளம் கிளம்பும். எழவு வீட்டுக்கு எதிரில் மைக் வைத்துப் பேசுகிறவன் மனிதனா? ஒவ்வோர் அதிகாரியாகக் கைகூப்பிவிட்டு ஜீப் ஏறினார்கள். மூன்றாவது அதிகாரிக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது, இந்தச் சின்ன ஊரில் இத்தனை சாவா என்று.

மேளத்துக்குப் பின்னால் இருந்தவர் துரைசாமி. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. எல்லைக் கிளர்ச்சியில் சிறைக்குப் போய் வந்தவர். அவர் சொன்னால் ஊர் கேட்கும். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும்போல அவருக்கும் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எல்லைக்கோடு போட்ட நாளிலிருந்து ஒரு வார்த்தை தெலுங்கு பேசுவதில்லை என்று சபதம். சந்தையில்கூட விரலை மடக்கிக் காட்டித்தான் விலை பேசுவாராம்.

நாங்கள் போனபோது கிணற்றடியில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“கூட்டம் போடறீங்களா? போடுங்க. நான் இன்னா வாணாம்னா சொல்றேன்? ஆனா எழவு வுழுந்தா மேளம் அடிக்காம இருக்க முடியாது, பாருங்க.”

“யாருக்குங்க உடம்பு சரியில்ல?”

“உடம்புக்கு இன்னா? ஏற்கெனவே செத்தாச்சு. கோடு போட்டு ரெண்டா வெட்டிட்டாங்க, எங்க தாலுகா செத்துப்போச்சு. இன்னும் கருமாதி ஆவல.”

இதை நான் தெலுங்கில் சொன்னேன். சார் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். கிணற்றுமேட்டில் வெறுங்காலோடு நின்று, மிகுந்த துக்கத்தோடு தெலுங்கில் சொன்னார்: “கருமாதி ஆகவில்லையா? பெரிய தப்பு. முதலில் ஓர் இரங்கல் கூட்டம் நடத்த வேண்டும். பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்யும். குடும்பத்துப் பெரியவர் நீங்கள். தலைமை நீங்கள்தான்.”

எனக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள், “இன்னாது?” என்றார் துரைசாமி. ஏற்றத்தின் கயிறு அவர் கையை விட்டு நழுவிவிட்டது.

அவர் மனைவி கன்னியம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். சொம்பை என்னிடம் கொடுத்துக்கொண்டே, கணவருக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்:

“மேளம் அடிச்சா வாத்தியார் வந்துருவாரான்னு கேளுங்கண்ணே. பழைய வாத்தியார் கோடு போட்டதும் மெட்ராஸ் பக்கம் போய்ட்டாரு. புதுசா வந்தவரு தெலுங்குக்காரரு, நல்ல மனுசன்தான். ஆனா அவரு சொல்றது புள்ளைங்களுக்குப் புரியல, புள்ளைங்க சொல்றது அவருக்குப் புரியல. எம் பொண்ணு பச்சையம்மா ரெண்டாவது முடிச்சுது. இப்ப வேர்க்கடலக் கொல்லையில காக்கா ஓட்டிக்கினு கீது.”

பெரியவர்களுக்குச் சந்தைத் தெலுங்கு வரும். பிள்ளைகளுக்கு அந்த எழுத்தே புதிது. துரைசாமி தலையைத் திருப்பிக்கொண்டார். சிறையில் அழாத மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று நழுவிய கயிற்றை எடுக்கக் குனிந்தவர் நிமிர நேரமானது.

ஜீப்பில் சார் கேட்டார், “வாத்தியாரை அனுப்ப வேண்டியவர் யார்?”

“கல்வி அதிகாரி நரசிம்மம். ரெண்டு வருஷத்துல எல்லாம் பழகிடும், தனியா தமிழ் வாத்தியார் வேண்டாம்னு சொல்லிட்டாராம்.”

“அப்படியென்றால் அவர்தான் நம் சிறப்புப் பேச்சாளர்” என்றார். வயிறு குலுங்க ஆரம்பித்தது.

நரசிம்மம் மாலை மரியாதையில் பிரியமுள்ளவர். உடனே ஒப்புக்கொண்டார். அழைப்பிதழில் ‘நேற்றும் நாளையும்’ என்று தலைப்புப் போட்டோம். ஊருக்குள் நான் வாய்வழியாகச் சொன்னது இரங்கல் கூட்டம் என்று. அரசு போட்ட கோட்டுக்குப் பல்கலைக்கழகம் துக்கம் கொண்டாடியது என்று தெரிந்தால் சார் வேறு கல்லூரியில் பிழைத்துக்கொள்வார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நகரியில் நைனாவின் தறி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எனக்கோ ஒரு முழம்கூட நேராக நெய்ய வராது.

கூட்டம் மாலை வெயில் சாய்ந்த நேரம், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில். தோரணம் இல்லை, வாழைமரம் இல்லை. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள், பெண்கள் ஒருபுறம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாவு மேளம் மெதுவாக, ஒழுங்காக, தலைவர் அனுமதியோடு ஒலித்துக்கொண்டிருந்தது.

நரசிம்மம் ஜீப்பிலிருந்து புன்னகையோடு ஒரு காலைக் கீழே வைத்தார். மேளம் காதில் விழுந்ததும் புன்னகை உள்ளே போயிற்று.

“யார் போய்விட்டார்கள்?” என்று சாரிடம் கிசுகிசுத்தார்.

“ஊருக்கு ரொம்ப நெருக்கம்.”

“அடடா. வயதானவரா?”

“ரொம்பக் காலமாக இருந்தது.”

அவசரத்தில் ‘இருந்தது’ என்ற சொல்லை நரசிம்மம் கவனிக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு, தனக்குப் போடவென்று தானே வாங்கி வந்த ரோஜா மாலையை ஜீப்பிலேயே மறைத்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்து வந்து கிறீச்சிடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

துரைசாமி எழுந்தார். மேளம் நின்றது. நான் நரசிம்மத்தின் காதருகே குனிந்து மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன்.

“எங்கள ஒரு வார்த்த கேக்காம, எவனோ எங்கியோ மேஜைல குந்திக்கினு பென்சிலால கோடு போட்டுட்டான்” என்று ஆரம்பித்தார் துரைசாமி.

“பெரியவர்கள் ஆழ்ந்து யோசித்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்” என்றேன் தெலுங்கில். நரசிம்மம் தலையாட்டினார்.

“இங்க வர்ற அதிகாரிங்க பேசிட்டுப் போறாங்களே தவுர, எங்க பேச்சக் கேட்டுட்டுப் போனவன் ஒருத்தன் கிடையாது.”

“அதிகாரிகள் அடிக்கடி வந்து அன்பாகப் பேசுகிறார்கள்.”

துரைசாமி நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் தணிகாசலம், நானா அப்படிச் சொன்னேன்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் தொண்டைக்குக் கிசுகிசுக்க வராது. தெலுங்கு தெரிந்த ஊரில் தெலுங்கில் பொய் சொல்ல நின்றது என் மடத்தனம். நரசிம்மம் மட்டும் ஒன்றும் புரியாமல் விழித்தார். சார் வேப்பமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியது. துரைசாமி பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே கன்னியம்மா மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பச்சையம்மா. கன்னியம்மா கண்ணை எடுக்காமல் கணவரையே பார்த்தார். பிறகு துரைசாமி துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நரசிம்மத்தின் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்.

சபதத்துக்குப் பிறகு அவர் வாயில் தெலுங்கை ஊர் கேட்டது அன்றுதான்.

“ஐயா, எனக்குத் தெலுங்கு தெரியும். என்னைத் தூங்க வைத்த பாட்டில் பாதி தெலுங்குதான். அந்தப் பாஷை மேல் எனக்கு என்ன கோபம்? தாலுகா போனால் போகட்டும், இந்தப் பக்கமும் மழை பெய்யும், விளையும். ஆனால் படித்துக்கொண்டிருந்த என் பெண் இப்போது காக்கா ஓட்டுகிறாள். அவள் படிப்புக்கும் சேர்த்து இன்றைக்கே கருமாதி பண்ணிவிடட்டுமா? நீங்கள் பெரியவர், செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். சொல்லுங்கள், செய்துவிடுகிறேன்.”

பெண்கள் பக்கமிருந்து, “பச்சப் புள்ளைய வெச்சு இன்னா பேச்சு அது, வாயக் கழுவு!” என்று ஒரு குரல் வந்தது. கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நரசிம்மம் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. முகம் கறுத்திருந்தது.

“அப்படியென்றால் செத்தது...”

“தாலுகா” என்றார் சார், பணிவாக.

என் வேலை போயிற்று என்று அந்த நொடியில் முடிவு செய்தேன். நரசிம்மம் தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். ஜீப்புக்குப் போகிற வழியில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கடைசியில் பெண்கள் பக்கம் திரும்பி, “அந்தக் குழந்தையை வரச்சொல்லுங்கள்” என்றார்.

பச்சையம்மா வந்து நின்றாள். பாவாடையில் மண். பயம் எதுவும் தெரியவில்லை.

“இவளுக்கு எழுத்துத் தெரியுமா, கேளுங்கள்” என்றார் என்னிடம். கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்துச் சுவரைக் காட்டினாள். பழைய தமிழ்ப் பெயரின் மேல் பாதி தூரம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புதிய பெயரை இன்னும் எழுதவில்லை. அவள் விரலை நீட்டி, ஊரே கேட்கும்படி வாசித்தாள்:

“ஆ... ரம்... பப்... பா... ட...”

நிறுத்திவிட்டாள்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் இன்னா? மீதிய சுண்ணாம்பு துன்னுடுச்சு.”

நான் இதை அப்படியே தெலுங்கில் சொன்னேன். முதலில் சிரித்தவர் நரசிம்மம்தான். அடக்கப் பார்த்து, முடியாமல், பலமாகச் சிரித்தார். பிறகு ஊர் சிரித்தது. மேளக்காரர்கூட மேளத்தின் மேல் கவிழ்ந்து சிரித்தார். துரைசாமி மட்டும் சிரிக்கவில்லை. பெண்ணின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நரசிம்மம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாத்தியார் வருவார். தமிழ் வாத்தியார். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்” என்றார். அன்றைக்கு நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் தமிழாக்கிய பேச்சு அது ஒன்றுதான்.

ஜீப் வரை எங்களோடு நடந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டே சாரிடம், “என்னை இப்படி மாட்டிவிட்டீர்களே” என்றார். சார் ரோஜா மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். பாவம், வாடிப்போயிருந்தது.

விஷயம் மேலிடத்துக்குப் போகாமல் இருக்குமா? யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். பல்கலைக்கழகப் பதிவாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“அரசாங்க முடிவுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினீர்களாமே?”

“அந்தக் கூட்டத்தில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்” என்றார் சார். “அதை எப்படி இரங்கல் கூட்டம் என்பது?”

பதிவாளர் நரசிம்மத்தை விசாரித்தார். நரசிம்மத்துக்கு இரண்டு வழிதான். வெறுங்காலோடு தாலுகாவுக்குத் துக்கம் கேட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எங்களைக் காப்பாற்ற வேண்டும். “மாலை போட்டார்கள். ஒழுங்கான கூட்டம்” என்று சொல்லிவிட்டார். எனக்குத் தறிக்குப் போகிற கண்டம் தப்பியது.

மழைக்காலம் முடிந்ததும் தமிழ் வாத்தியார் வந்தார். தெலுங்கு வாத்தியாரும் இருந்தார். இருந்தது ஒரே அறை. ஒருவர் கிழக்கே பார்த்து, ஒருவர் மேற்கே பார்த்துப் பாடம் நடத்தினார்களாம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் காதைக் கொடுத்து இரண்டையும் கற்றுக்கொண்டார்கள். பச்சையம்மா வாய்ப்பாட்டைத் தெலுங்கில்தான் வேகமாகச் சொல்வாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த நெல் அறுவடை முடிந்து ஒரு நாள், துரைசாமி திருப்பதிக்கு வந்தார். எங்கள் அலுவலக வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்றவரை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளே கூட்டிப்போனேன். சார் எழுந்து நின்று வரவேற்றார்.

துரைசாமி உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு வேர்க்கடலைச் செடியை வேரோடு எடுத்து மேஜையில் வைத்தார். இலையெல்லாம் சுருண்டிருந்தது.

“எங்க ஊர்ல ஒரு கூட்டம் போடணும். இது இன்னா பூச்சின்னு தெரியல. கொல்ல கொல்லயா துன்னுகினு போவுது. தெரிஞ்சவங்க யாரையாச்சும் இட்டாந்து பேசச் சொல்லுங்க.”

தானாக வந்து ஓர் ஊர் எங்களிடம் பேச்சுக் கேட்டது அதுதான் முதல் தடவை. சார் செடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரித்திரப் பேராசிரியருக்கு அதில் என்ன தெரியும்? ஆனாலும் கிரீடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“பூச்சியைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஆனால் அவருக்குத் தெலுங்குதான் வரும். பரவாயில்லையா, கேளுங்கள்” என்றார் என்னிடம், தயங்கிக்கொண்டே.

நான் கேட்கவே தேவையிருக்கவில்லை.

“பாஷ எதுவா இருந்தா இன்னா சார்?” என்றார் துரைசாமி. “பூச்சி சாவணும், அவ்ளோதான்.”